செக்குக்கு மின்செலவுக் கணக்கு

கடலை, எள் ஆட்ட மின்செக்கு வைத்திருக்கும் விவசாயிகள் பலர், மின்கட்டணம் உயரும்போது ஆட்டுக்கூலியை எவ்வளவு கூட்டுவது என்று தெரியாமல் நட்டப்படுகின்றனர். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரிலும் 2024 ஜூலையிலும் கட்டணம் உயர்ந்தது. கிலோவுக்கு ஆகும் மின்செலவைக் கணக்கிட்டு வைத்தால் இந்த நட்டத்தைத் தவிர்க்கலாம்.

யூனிட் கணக்கு: ஆட்டத் தொடங்கும் முன்பும் முடித்த பின்பும் மீட்டர் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, 50 கிலோ பருப்புக்கு 10 யூனிட் செலவானால் கிலோவுக்கு 0.2 யூனிட். யூனிட்டுக்கு 50 காசு உயர்ந்தால், கிலோவுக்கு 10 காசு கூட்டினால் போதும்.

நிலைக்கட்டணம்: இது இணைப்பு பெற்ற கிலோவாட் அளவுக்கு விதிக்கப்படுவது. செக்கு ஓடாவிட்டாலும் கட்ட வேண்டும். மாதம் 1,000 கிலோ ஆட்டிய செக்கில் 250 கிலோ மட்டும் ஆட்டினால், கிலோவுக்கு இச்செலவு 4 மடங்காகும். ஆகவே, அறுவடையின்போது நன்கு காய்ந்த காயை இருப்பு வைத்து, ஆண்டு முழுவதும் பரவலாக ஆட்டுவது நல்லது. தேவைக்கு மேல் மின்பளு பெற்றிருந்தால், குறைத்துத் தரும்படி மின்வாரிய அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

பம்புசெட்டுக்கான இலவச மின்சாரத்தில் செக்கை இணைக்கக் கூடாது.

கட்டணம் உயராமலேயே கிலோவுக்கான யூனிட் கூடினால், பெல்ட் தளர்ச்சி, பேரிங் தேய்மானம் ஆகியவற்றை உடனே கவனிக்கவும்.