பெட்டியில் இரண்டு பெயர், லாபத்தில் எத்தனை பங்கு?

கேள்வி: கோவாக்சின் தடுப்பூசிக்கு வைரஸைக் கொடுத்தது அரசு ஆய்வகம். பரிசோதனைச் செலவிலும் அரசுப் பணம் இருக்கிறது. ஆனால் விற்றுக் காசு பார்த்தது தனியார் கம்பெனி. நம் வரிப்பணத்தில் நடந்த ஆராய்ச்சியை இப்படித் தூக்கிக் கொடுப்பது என்ன நியாயம்?
- வாசகர், திருப்பூர்

பதில்: சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை, வாரத்துக்கு விட்டார்கள். நிலம் ஒருவருடையது, ஏரும் ஆளும் இன்னொருவருடையது என்றால் விளைச்சலில் யாருக்கு எவ்வளவு என்று பேசிக்கொள்வோம் அல்லவா? அந்தப் பேச்சு சரியாக நடந்ததா என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

யார் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆரின் கீழ் இயங்கும் புனே தேசிய வைராலஜி நிறுவனம், நோயாளிகளின் மாதிரியிலிருந்து கொரோனா வைரஸைப் பிரித்தெடுத்தது. 2020 மே மாதம் அது ஹைதராபாத்தில் உள்ள பாரத் பயோடெக்கின் கைக்குப் போனது. அதை வீரோ செல்களில் வளர்த்து, ரசாயனத்தால் செயலிழக்க வைத்துத் தடுப்பூசி ஆக்கியது கம்பெனி. அந்தத் தடுப்பூசி குரங்குகளைக் காக்கிறதா என்று சோதித்தது மறுபடியும் புனே நிறுவனம். 25,800 பேர் பங்கேற்ற மூன்றாம் கட்டப் பரிசோதனைக்கு இரு தரப்பும் பணம் போட்டன. கொடிய கிருமியை ஆய்வகக் குப்பியில் வளர்ப்பது ஒரு வேலை. உயர் பாதுகாப்புள்ள தொழிற்கூடத்தில் கோடிக்கணக்கான டோஸ்களுக்கு வளர்ப்பது வேறு வேலை. அந்தத் தொழிற்கூடம் கம்பெனியிடம்தான் இருந்தது.

இதற்கு ஈடாக ஐ.சி.எம்.ஆருக்குக் கிடைத்தது நிகர விற்பனையில் 5 சதவீத ராயல்டி. உள்நாட்டுத் தேவைக்கு முன்னுரிமை, அறிவுசார் சொத்துரிமையில் பங்கு, தடுப்பூசிப் பெட்டியில் ஐ.சி.எம்.ஆர்., புனே நிறுவனம் ஆகியவற்றின் பெயர்கள் என்பவையும் ஒப்பந்தத்தில் இருந்தன. ஐ.சி.எம்.ஆர். செலவழித்தது சுமார் 35 கோடி ரூபாய். 2022 ஜனவரி இறுதிக்குள் ராயல்டியாக வந்தது சுமார் 171 கோடி. பணக் கணக்கில் மட்டும் பார்த்தால் அரசு ஏமாறவில்லை.

இடறியது காப்புரிமையில். பாரத் பயோடெக் தாக்கல் செய்த விண்ணப்பத்தில் ஐ.சி.எம்.ஆர். பெயர் இல்லை என்பது 2024-இல் வெளியே வந்தது. தெரியாமல் விட்டுப்போனது என்று சொல்லி, இணை உரிமையாளராகச் சேர்க்க நடவடிக்கை எடுத்தது கம்பெனி. பெட்டியில் அச்சான பெயர் விண்ணப்பத்தில் விட்டுப்போகலாம் என்றால், அரசுத் தரப்பில் அதைக் கண்காணித்தது யார் என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

அமெரிக்காவில் அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்புகளுக்கென்று 1980-இலேயே பே-டோல் சட்டம் வந்துவிட்டது. உரிமம் பெற்றவர் பொருளை மக்களிடம் சேர்க்காமல் போட்டு வைத்தால், அரசு தலையிட்டு வேறொருவருக்கு உரிமம் தர அதில் வழி உண்டு. இங்கே 2008-இல் மாநிலங்களவைக்கு வந்த அதுபோன்ற மசோதா சட்டமாகவில்லை. அதனால் ஒவ்வொரு கூட்டிலும், ஒப்பந்தத்தில் என்ன எழுதினார்களோ அதை வைத்துத்தான் அரசு பேச முடியும்.

ஆகவே, அடுத்த முறை இப்படி ஒரு கூட்டு அறிவிப்பு வந்தால் மூன்றைக் கேளுங்கள். உரிமம் ஒரே கம்பெனிக்கா, பலருக்கா? கம்பெனி பின்னால் செய்யும் மேம்பாட்டில் ஆய்வகத்துக்குப் பங்கு உண்டா? குறித்த காலத்தில் பொருள் சந்தைக்கு வராவிட்டால் உரிமம் ரத்தாகுமா? தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டால், வணிக ரகசியம் என்று 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுக்கக்கூடும். பொதுநலன் பெரிது என்றால் தகவலைத் தரலாம் என்பதும் அதே பிரிவில் உள்ளதுதான். மேல்முறையீட்டில் அந்த வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.