நாய்ப்பயிற்சியும் வீட்டுப்புறாவும்

வேட்டைநாயைப் பழக்குதற்பொருட்டுப் புறா, காடை முதலிய பறவைகளை உயிரோடு கூட்டில் அடைத்து வீட்டில் வளர்க்கும் வழக்கம் பல தேயங்களில் உண்டு. அவ்வழக்கத்தின் இயல்பு யாது, அது தக்கதோ, அதனை விடுத்தும் நாயைப் பழக்கல் இயலுமோ என்னும் மூன்றினையும் ஈண்டு முறையே ஆராய்வாம்.

முதலாவது, அதன் இயல்பு. புல்லினுள் மறைந்த பறவையை மோப்பத்தால் அறிந்தவுடன் பாயாது நிற்றலும், ஏவியபின் அதனை எழுப்புதலும், வீழ்ந்ததைப் பல் அழுந்தாமற் கவ்விக் கொணர்தலும் நாய் கற்கவேண்டிய பாடங்களாம். இவற்றைக் கற்பிப்போர் சிலர், புறாவின் தலையைச் சிறகின்கீழ்ச் செருகி மயங்கச்செய்து புல்லில் வைப்பர். சிலர் இறகைக் கட்டியேனும் கத்தரித்தேனும் நாயின்முன் விடுவர். தப்பிப் பறந்த புறா, தன் கூட்டை நாடி மீளும் இயல்பினதாதலால், மறுபடியும் அங்கேயே வந்து சேரும். மறுநாளும் அதனையே வைப்பர். அமெரிக்க நாட்டிற் காடையினத்துட் சிலவற்றைக் கூண்டில் நிறுத்தி ஏனையவற்றை வெளியே விடுவர். உள்ளிருப்பன கூவியழைக்க, வெளியே சென்றன திரும்பிவந்து புகும். பறவையைக்கொண்டு பறவையைப் பிடிக்கும் உபாயம் நமக்கும் புதிதன்று. அங்ஙனம் பழக்கிய பறவை விலங்குகளைப் பழந்தமிழர் 'பார்வை' என்றனர்.

இரண்டாவது, அது தக்கதோ என்பது. காட்டுப்பறவை மனிதனை நம்புவதில்லை, கண்டவுடன் அகலும். வீட்டுப்புறாவோ நாம் இடும் தானியத்தை உண்டு, நமது கூட்டையே காவலெனக் கொண்டு, நாயின் வாய்க்குத் தப்பியபோதும் நம்மிடமே மீள்கின்றது. அந்நம்பிக்கையையே கருவியாகக் கொள்ளுதல் கொலையினும் ஒருபடி மிக்க குற்றம். அஃது அடைக்கலங் கொடுத்தவனே கைவிடுதலாம். புறாவொன்றின்பொருட்டுத் தன்னுடலை அரிந்து கொடுத்த சிபிச்சக்கரவர்த்தியைச் சோழர்குல முதல்வருள் வைத்துப் போற்றிய தமிழ்மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கண்ணப்பநாயனாரும் நாய்களோடு வேட்டையாடினாரன்றோவெனின், ஆடினார்; அஃது அவர் பிறந்த வேடர்குலத்தின் தொழில். அவரை நாயனாராக்கியது வேட்டையன்று. தங் கண்ணை இடந்து அப்பிய அன்பேயாம்.

அரசநீதியும் இவ்வழியே வந்துளது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்துப் போட்டியில் உயிர்ப்புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டனர். அடைத்துவைத்த பறவைகளை அவ்வாறு விடுத்துச் சுடுதலை 1921இல் ஆங்கிலேயர் சட்டத்தால் விலக்கினர். வேடிக்கைக்காக ஒரு பிராணியைப் பிறிதொன்றற்கு இரையாகும்படி கட்டிவைத்தலை இந்தியாவின் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கிற்று. இலங்கையில் மிருகவதையைத் தடுக்கும் கட்டளைச்சட்டம் 1907இலும், தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் 1937இலும் இயற்றப்பட்டன.

நமது திருக்கோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கரைக்கு எதிரேயுள்ள புறாத்தீவும் இதற்கோர் சான்றாம். மாடப்புறாக்கள் கூடுகட்டி வாழ்தலாற் பெயர்பெற்ற அத்தீவு, அந்நியர் ஆட்சிக்காலத்திற் சுடுபயிற்சிக் களமாயிருந்தது. 1963இல் அது சரணாலயமாயிற்று. 2003இல் தேசிய வனமாயிற்று. ஒரு தீவுக்கு இயன்ற மாற்றம் ஒரு வீட்டுக்கு இயலாதோ?

மூன்றாவது, வேறு வழி. கித்தான் துணியிற் சிறு பொதி தைத்து, உதிர்ந்த இறகுகளை அதன்மேற் கட்டுக. முதலில் நாய் காண எறிந்து கொணரச் செய்க. பின்னர்க் காணாதவாறு புல்லில் ஒளித்து, காற்று வீசும் திசைக்கு எதிராக நாயை நடத்தித் தேடச் செய்க. கொணர்ந்தவுடன் புகழ்ந்து தடவுக. பாடம் சிறிதாயிருத்தல் நன்று. நாய் சலிக்குமுன் நிறுத்துக. பொதியிலே கற்ற மோப்பம் காணாமற்போன பொருளையும் வழிதவறிய கன்றையும் தேடுதற்குப் பயன்படும். வயிரவக்கடவுளுக்கு வாகனமாகிய நாயின் அறிவை இத்தகைய நற்றொழிலிற் செலுத்துதலே சைவர்க்கு ஏற்றது.

முன்னரே இறகு கத்தரித்த புறாக்களை வைத்திருப்போர் அவற்றை உடனே வெளியே துரத்தலாகாது. பறக்கமாட்டாதன பூனைக்கும் காகத்துக்கும் இரையாகும். பழைய இறகு உதிர்ந்து புதியது முளைக்குமளவும் உணவும் நீரும் கொடுத்துக் காக்க. அதன்பின் கூட்டின் கதவைத் திறந்து வைக்க. போவது போகுக, மீள்வது அஞ்சாது மீள்க.

திருச்சிற்றம்பலம்.