அட்டை ஏன் வளைகிறது? தடுப்பதும் நிமிர்த்துவதும்



இந்த மாதம் சீட்டுக்கட்டு, காலண்டர் அட்டை ஆகியவற்றைப் பற்றிப் பாடம் எடுக்கப் போகிறோம் என்று ஒரு குழுவில் சொன்னோம். "சீட்டுன்னாலே எங்களுக்கு வயித்தெரிச்சல். அதுக்கு ஒரு பாடம் வேறயா?" என்று ஒரு அக்கா கேட்டுவிட்டார். வீட்டுக்காரர் சம்பளத்தை மந்தையில் சீட்டாடித் தொலைத்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் இந்தப் பாடம் சீட்டு ஆடுவதைப் பற்றியது இல்லை. சீட்டு, காலண்டர், வாழ்த்து அட்டை, அட்டைப்பெட்டி என்று நம் கையில் கூலி வேலையாக வந்து போகிற எல்லா அட்டைகளையும் பற்றியது.

நடந்தது என்ன?

ஒரு ஐப்பசி மாதம், அடைமழை நேரம். நம் உறுப்பினர் ஒருவர் வீட்டில் வைத்துக் காலண்டர் அட்டைக்குப் படத்தாள் ஒட்டிக் கொடுத்தார். நான்கு கட்டு வேலை. கொண்டுபோய் இறக்கினால், "எல்லாம் வளைஞ்சு கிடக்கு, எடுத்துட்டுப் போ" என்று திருப்பிவிட்டார்கள். கூலியும் இல்லை. கெட்டுப்போன அட்டைக்கும் காசு பிடிப்பதாகச் சொன்னார்கள். "நான் ஒட்டினதுல என்ன குத்தம்னு எனக்கே தெரியலையே" என்று அவர் கூட்டத்தில் அழுதார்.

நாங்கள் அந்த நான்கு கட்டையும் பிரித்துப் பார்த்தோம். எல்லாம் ஒரே மாதிரி வளையவில்லை. இரண்டு கட்டு ஒரு விதம், மற்ற இரண்டு வேறு விதம். ஏன் என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம். அந்தக் கட்டுகள் என்ன ஆயின என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

நம் ஊரும் மழையும்

அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தது நாம் எல்லோரும் கேட்ட கதை. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்பதால் அச்சுத் தொழில் வளர்ந்தது. பிறகு பட்டாசு. இந்த மூன்று தொழிலுக்கும் பிடித்தது சிவகாசியின் வறண்ட காற்று. மருந்தும் காயும், தாளும் காயும்.

ஆனால் காலண்டர் வேலை நடக்கிற மாதங்களைப் பாருங்கள். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருட ஆல்பம் போடுகிறார்கள். ஆர்டர் வந்து, வேலை மும்முரமாவது புரட்டாசி முதல் மார்கழி வரை. வடகிழக்குப் பருவமழையும் ஐப்பசி, கார்த்திகையில்தான். வருடம் முழுக்க வறண்டு கிடக்கிற ஊரில், ஈரமான மாதத்தில் பார்த்துத்தான் நம் வீட்டுக்கு அட்டை வேலை வருகிறது.

ஏன் வளைகிறது?

அப்பளம் இட்டு வெயிலில் போட்டால் ஓரம் மேலே தூக்கிக்கொள்ளும். மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்குகிறது. அடிப்பக்கம் இன்னும் ஈரம். சுருங்கிய பக்கம் இழுக்கிறது. அதனால்தான் பாதிக் காய்ச்சலில் திருப்பிப் போடுகிறோம். அட்டை வளைவதும் இதே கணக்குதான்.

தாள் என்பது மரக்கூழ் நார். நார் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும், காய்ந்தால் விடும். ஈரம் குடித்தால் உப்பும், விட்டால் சுருங்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு உப்பினால் அட்டை நேராக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் உப்பினாலோ சுருங்கினாலோ வளையும். இதை மனதில் வைத்தால் மீதி எல்லாம் புரியும்.

இன்னொன்றும் உண்டு. மில்லில் தாள் ஓடுகிற திசையில்தான் நார்கள் பெரும்பாலும் படுத்திருக்கும். அச்சகத்தில் இதை 'கிரெயின்' என்பார்கள். நாம் இழை என்போம். ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் வளராது, தடிமனில்தான் உப்பும். ஆகவே தாள் இழைக்குக் குறுக்காகத்தான் அதிகம் விரியும், சுருங்கும்.

இழையைக் கண்டுபிடிப்பது எப்படி?

1. கழிவுத் தாளில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு சதுரம் வெட்டுங்கள். எது நீளவாக்கு என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.
2. ஒரு பக்கம் மட்டும் ஈரத்துணியால் தொட்டு எடுங்கள்.
3. அது குழாய் மாதிரி சுருளும். குழாய் எந்தத் திசையில் நீண்டு நிற்கிறதோ, அதுதான் இழை ஓடும் திசை.

தடித்த அட்டைக்கு வேறு வழி. இரண்டு கையாலும் பிடித்து நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை மெதுவாக வளைத்துப் பாருங்கள். சுலபமாக வளைகிறபோது வளைவின் முதுகு எந்தத் திசையில் ஓடுகிறதோ, அதுவே இழை. அட்டையின் இழையும் அதன்மேல் ஒட்டுகிற தாளின் இழையும் ஒரே திசையில் இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று குறுக்காக இருந்தால் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, மூலை முறுக்கிக்கொள்ளும்.

வளைவைப் பார்த்தே காரணம் சொல்லலாம்

*ஒட்டிய பக்கம் குழிவாக இருந்தால்:* பசையில் தண்ணீர் அதிகம். ஈரத்தில் விரிந்த தாள் காயும்போது சுருங்கி அட்டையை இழுத்துவிட்டது.

*பளபளப்பான லேமினேஷன் பக்கம் குழிவாக இருந்தால்:* மழைக்காற்று. பிளாஸ்டிக் பக்கம் ஈரம் குடிக்காது, தாள் பக்கம் குடித்து உப்பிவிட்டது. கோடையில் இது தலைகீழாகும். தாள் காய்ந்து சுருங்கும், பளபளப்புப் பக்கம் மேடாகும்.

*ஓரம் மட்டும் அலை அலையாக இருந்தால்:* கட்டாக அடுக்கி வைத்தபோது ஓரங்கள் மட்டும் ஈரம் குடித்திருக்கின்றன. சுவர் ஓரமாகவோ வெறுந்தரையிலோ வைத்திருப்போம்.

*எதிரெதிர் மூலைகள் முறுக்கியிருந்தால்:* தாள் இழையும் அட்டை இழையும் குறுக்காக இருக்கலாம். தாளை அப்படி வெட்டி அனுப்பியிருந்தால் அது ஒட்டியவர் குற்றம் ஆகாது.

சீட்டு செய்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்?

ஆட்டச்சீட்டு ஒன்று வளைந்தாலும் கட்டு முழுவதும் வீண். 52 சீட்டில் எது வளைந்தது என்று தெரிந்துவிட்டால் குப்புறக் கிடந்தாலும் அடையாளம் சொல்லிவிடலாம், ஆட்டம் கெட்டுவிடும். அதனால் சீட்டு நேராக இருக்க ரொம்பக் கவனம் எடுப்பார்கள். நல்ல சீட்டு ஒற்றைத் தாள் இல்லை. இரண்டு தாளைக் கருப்புப் பசை வைத்து ஒட்டியது. வெளிச்சத்தில் பிடித்தாலும் மறுபக்கம் தெரியாமல் இருக்கக் கருப்புப் பசை. இரண்டு தாளும் ஒரே இழைத் திசை. மேல்பூச்சும் இரு பக்கத்துக்கும் உண்டு. இரு பக்கமும் சமம் என்பதுதான் ரகசியம்.

இது பழைய அறிவுதான். ஒடிசாவில் கஞ்சப்பா என்ற வட்டச் சீட்டு செய்கிறார்கள். துணியை அடுக்கடுக்காகப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, சுண்ணப்பொடி பூசித் தேய்த்து, படம் எழுதுவார்கள். வங்காளத்தில் விஷ்ணுபூரிலும் தசாவதாரம் வரைந்த வட்டச் சீட்டு உண்டு. ஒரு கட்டுக்கு 120 சீட்டு. நாம் தூக்கிப்போடுகிற புளியங்கொட்டையும் ஒரு நல்ல பசைதான்.

வளையாமல் தடுக்க

1. கட்டைத் தரையில் வைக்காதீர்கள். செங்கல் மேல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். ஓலைக்கூரை, ஓட்டு வீடு என்றால் மேலே பிளாஸ்டிக் தாள் மூடுங்கள்.
2. அன்றைக்கு ஒட்டுவதற்கு வேண்டியதை மட்டும் பிரியுங்கள். மற்ற கட்டு சுற்றியபடியே இருக்கட்டும்.
3. மைதாப் பசையைக் கெட்டியாகக் காய்ச்சி, மெல்லிசாகத் தடவுங்கள். தண்ணீர் விட்டு நீட்டினால் பசை மிச்சம், அட்டை நஷ்டம். பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுகிறவர்கள் கவனம்: அது விஷம். சமையல் பாத்திரத்தில் காய்ச்சக்கூடாது, பிள்ளைகள் கைக்கு எட்டவும் கூடாது.
4. ஒரு பக்கம் தாள் ஒட்டினால் மறுபக்கமும் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டக் கேளுங்கள். இரண்டு பக்க இழுப்பும் சரியாகிவிடும். செலவு என்று மறுத்தால், வளைவுக்கு நாம் பொறுப்பில்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள்.
5. ஒட்டியதும் வெயிலில் போடாதீர்கள். இடையிடையே காய்ந்த வெள்ளைத்தாள் வைத்து அடுக்கி, மேலே அட்டையை முழுதாக மூடுகிற பலகை போட்டு, பாரம் வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். ஈரமான இடைத்தாளை ஒருமுறை மாற்றுங்கள்.

காற்றில் ஈரம் அதிகமா என்று அறிய உப்புச் சாடியைப் பாருங்கள். சுத்தமான தூள் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் வந்தால் கசியும். கல் உப்பு அதற்கு முன்பே கசியத் தொடங்கும். அட்டைக்குப் பிடித்த ஈரப்பதம் 50 சதவீதம் வாக்கில். உப்பு கசிகிற அன்று ஒட்டுகிற வேலையைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள்.

வளைந்ததை நிமிர்த்த

1. முதலில் காரணத்தைப் பாருங்கள். ஈரத்தால் வளைந்தது என்றால், மழை விட்டு உலர்ந்த காற்று வரும் நாளில், நிழலில், இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி கொடியில் கவ்வி மாட்டியோ நிறுத்தியோ சில மணி நேரம் ஆற விடுங்கள்.
2. பிறகு பாதிக் கட்டை ஒரு முகமாகவும் பாதியை எதிர்முகமாகவும் அடுக்குங்கள். ஒன்றின் வளைவு மற்றதை அமுக்கும்.
3. கீழும் மேலும் சமமான பலகை வைத்து, தாளில் சுற்றிய செங்கல்லோ அம்மிக்கல்லோ நடுவில் வையுங்கள். ஒரு நாள் போதும். பிடிவாதமான வளைவுக்கு இரண்டு மூன்று நாள்.
4. சீட்டுக்கட்டு என்றால் மொத்தமாகக் கையில் பிடித்து எதிர்ப்பக்கம் லேசாக வளைத்து, பிறகு இதே மாதிரி அமுக்குங்கள்.

இஸ்திரிப் பெட்டி வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பூச்சு உருகிவிடும். அடுப்பு ஓரத்திலும் காய வைக்காதீர்கள். நம் பக்கம் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போய் வருகிறவர் துணியில் மருந்துத் தூசி இருக்கும். துணி மாற்றிக் கைகால் கழுவாமல் அடுப்புப் பக்கம் போகவே கூடாது. உரிமம் இல்லாமல் வீட்டில் வெடிமருந்து வேலை செய்வது சட்டப்படி குற்றம். அதோடு குடும்பமே போய்விடும் ஆபத்து.

மடிப்பு விழுந்தது, அடுக்கு பிரிந்தது, பூஞ்சை பிடித்தது, இழை மாறி ஒட்டியது ஆகியவற்றை நிமிர்த்த முடியாது. அவற்றில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நம் குழுவின் தீர்மானப் புத்தகம், பாஸ்புக் நனைந்தாலும் இதே முறைதான்: பக்கங்களுக்கு இடையில் காய்ந்த தாள், நிழல், பாரம். ஸ்மார்ட் ரேஷன் கார்டு பிளாஸ்டிக் என்பதால் அதற்குப் பகை சூடு. அடுப்பு மேல் பரணில் வைக்காதீர்கள்.

வேலை வாங்கும்போது

கட்டு வாங்கும் அன்றே மேலே, நடுவில், அடியில் என்று பத்து அட்டையை உருவித் தரையில் வைத்துப் பாருங்கள். மூலை எவ்வளவு தூக்குகிறது என்று ஸ்கேலால் அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். கொடுப்பவர் எதிரிலேயே எழுதுங்கள். "எத்தனை மில்லிமீட்டர் வரை வளைவை ஏத்துக்குவீங்க?" என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் பத்து அட்டையை அளந்து காட்டுங்கள்.

இனி அந்த நான்கு கட்டுக் கதை. இரண்டு கட்டில் மூலை முறுக்கியிருந்தது. இழையைச் சோதித்தால் குறுக்கு. தாளை அப்படித்தான் வெட்டி அனுப்பியிருந்தார்கள். மற்ற இரண்டில் ஓரம் அலை. அது வீட்டுச் சுவர் ஈரம். குழுவிலிருந்து மூன்று பேர் கூடவே போனார்கள். ஈரத்துணியால் தொட்டு அங்கேயே தாளைச் சுருட்டிக் காட்டினார்கள். முதலில் கோபப்பட்டார்கள், பிறகு பார்த்தார்கள். முறுக்கிய இரண்டு கட்டுக்குக் கூலி கொடுத்தார்கள். மற்ற இரண்டுக்கு இல்லை. ஆனால் அவற்றை நிமிர்த்திக் கொண்டுவரச் சொல்லி, ஒரு கட்டு அளவு பிறகு எடுத்துக்கொண்டார்கள்.

முழுக் கூலியும் வரவில்லைதான். ஆனால் இப்போது அந்த உறுப்பினர் கட்டு வாங்கும்போது ஸ்கேலோடு போகிறார். "என் தப்புன்னா நான் ஒத்துக்கிறேன், இல்லைன்னா ஏன் ஒத்துக்கணும் மதினி?" என்று பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லிக் கொடுக்கிறார்.

கூட்டத்தில் பேச:

1. நம் குழுவில் அட்டை வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர்? கடந்த மழைக்காலத்தில் வளைவுக்காக யாருக்குக் கூலி பிடித்தார்கள்?
2. ஒரு கழிவுத் தாளை எடுத்து எல்லோரும் இழைச் சோதனை செய்து பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் செய்யலாம்.
3. ஒருவர் தனியாகப் போய்க் கேட்பதற்கும் குழுவாகப் போய்க் கேட்பதற்கும் என்ன வித்தியாசம் கண்டீர்கள்?

பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். புதிதாக ஏதாவது வழி தெரிந்தால் எங்களுக்கும் சொல்லுங்கள். அடுத்த குழுவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்.