முதலில் நடந்து பாருங்கள்: மலையிறங்கு சைக்கிள் பழக வரும் மைசூர்ப் பிள்ளைகளுக்கு

கனடாவின் விஸ்லர் பைக் பார்க்கில் நாற்காலி லிஃப்ட் ஆளையும் சைக்கிளையும் உச்சிக்குக் கொண்டுபோய் விடும். இறங்கி வருவது மட்டும்தான் வேலை. மைசூரில் லிஃப்ட் வைத்த பார்க் கிடையாது. நமக்கு இருப்பது சாமுண்டி மலை. ஊரைவிட ஏறத்தாழ 300 மீட்டர் உயரம், மிதித்துத்தான் ஏற வேண்டும். இதைப் பெரிய குறையாகச் சொல்லிக்கொண்டு பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெதுவாக ஏறியவருக்குத்தான் தடம் பிடிபடும். டவுன்ஹில் என்கிற மலையிறங்கு சைக்கிள் பழக்கத்தில் பாதி அதுதான்.

1. முதல் நாள் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு நடங்கள். டவுன்ஹில் உலகக் கோப்பைப் போட்டிக்கு வருகிற வீரர்களே பயிற்சிக்கு முன் தடம் முழுவதையும் காலால் நடந்து பார்க்கிறார்கள். சரளை எங்கே கிடக்கிறது, வேர் எங்கே குறுக்கே ஓடுகிறது, மழைத்தண்ணீர் எங்கே மண்ணை அறுத்திருக்கிறது, தவறினால் விழுவதற்கு எந்தப் பக்கம் இடம் இருக்கிறது என்று நின்று பாருங்கள். கீழிருந்து பார்க்கும்போது முழங்கால் உயரமாகத் தெரிகிற பாறை, மேலே போய் நின்றால் கண்ணுக்கே தட்டுப்படாது. ஒவ்வோர் இடத்தையும் இரண்டு பக்கமும் நின்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

2. படிகளில் சைக்கிளை இறக்காதீர்கள். இணையத்தில் படி இறங்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறீர்கள், தெரியும். சாமுண்டியின் ஆயிரத்துச் சொச்சம் படிகளில் ஒவ்வொன்றுக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துக் குனிந்தபடி ஏறுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் நீங்கள் வந்துவிடுவீர்கள். மலையைச் சுற்றியிருப்பது காப்புக்காடு, சிறுத்தை நடமாடும் இடம். வனத்துறையைக் கேட்காமல் ஒற்றையடிப் பாதைகளில் நுழையவும் வேண்டாம், மண்வெட்டி எடுத்துப் புதுத்தடம் வெட்டவும் வேண்டாம். ஏற்றத்துக்கும் பிரேக் பழகுவதற்கும் தார்ச்சாலை போதும். மண் தரைக்கு, ஊர் எல்லையில் சரிவான வெற்று நிலம் வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

3. பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். இந்த விளையாட்டின் வரலாறே பிரேக்கோடு சேர்ந்தது. 1976 அக்டோபரில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் ஒரு மலைப்பாதையில் பந்தயம் வைத்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவான தூரத்தில் சுமார் 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கரக் குடத்தில் இருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். பிரித்துப் புதுக் கிரீஸ் அடைத்த பிறகே மறுபடி ஓட்ட முடியும்.

இன்று டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. ஆனால் சூடு போகவில்லை. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே இறங்கி வரும் வண்டிகளில் பிரேக் கருகும் வாடையை முகர்ந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். லீவரை அழுத்தியபடியே இறங்காதீர்கள். நேரான இடத்தில் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், விடுங்கள், சூடு ஆறட்டும். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும். வளைவின் நடுவில் பிடித்தால் சக்கரம் வழுக்கும். லீவருக்கு ஆள்காட்டி விரல் ஒன்று போதும், மற்ற விரல்கள் ஹேண்டில்பாரை விடக்கூடாது. எந்த லீவர் முன்சக்கரத்துக்கு என்பது சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும். வாடகைக்கோ இரவலுக்கோ எடுத்தால் முதலில் சமதளத்தில் உருட்டிப் பிடித்துப் பாருங்கள். சரிவில் பழக்கதோஷத்தில் முன்பிரேக்கை இறுக்கினால் ஆள் தலைக்கு மேலாகப் போய் விழுவார்.

4. சீட்டை இறக்கிவிடுங்கள். இறக்கத்தில் அதில் உட்காரும் வேலையே இல்லை. இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், குதிகால் சற்றுத் தாழ்ந்து, முழங்காலும் முழங்கையும் மடங்கி, பாரம் முழுக்கப் பாதத்தில். பயந்தவுடன் உடம்பு பின்னால் சாயப் பார்க்கும். அதிகம் சாய்ந்தால் முன்சக்கரத்துக்குப் பிடிப்பு போய், திருப்பினாலும் திரும்பாது.

5. கண்ணைச் சக்கரத்தின் மேல் வைக்காதீர்கள். போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். கல்லையே பார்த்துக்கொண்டிருந்தால் கல்லின் மேல்தான் ஏறுவீர்கள்.

6. முகம் மூடும் ஹெல்மெட், முழங்கால் பேட், முழுவிரல் கையுறை. சைக்கிளுக்கு ஆகும் செலவில் இதைக் கழிக்க நினைக்கும் பிள்ளைகளிடம் நான் கோபமாகவே பேசுவேன். பழைய சைக்கிள் போதும், பழைய ஹெல்மெட் போதாது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அதைத் தூக்கிப் போடுங்கள்.

7. மழை பெய்தால் மலையை விட்டுவிடுங்கள். 2021 அக்டோபரில் கொட்டிய மழையில் சாமுண்டி மலையில் நந்தி சிலைக்குப் போகும் சாலையே சரிந்து விழுந்தது. தாரும் தடுப்புச்சுவரும் போட்ட சாலைக்கே அந்தக் கதி என்றால், மண் தடத்தின் கதியை யோசியுங்கள். ஈர மண்ணில் நீங்கள் போடும் சக்கரக் கோடுதான் அடுத்த மழைக்கு வாய்க்கால். மண் காயும்வரை வீட்டில் உட்கார்ந்து செயினைத் துடையுங்கள்.

8. ஆஷாட வெள்ளிக்கிழமைகளிலும் தசரா நாட்களிலும் மலைப்பக்கம் சைக்கிளோடு போகாதீர்கள். அன்று மலை பக்தர்களுக்கு.

9. ஒருநாள் நிஜமான பைக் பார்க்குக்குப் போவீர்கள், போக வேண்டும். வட அமெரிக்கப் பார்க்குகளில் தடங்களுக்கு நிறம் உண்டு: பச்சை எளிது, நீலம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். எவ்வளவு பழகியிருந்தாலும் பச்சையில் தொடங்குங்கள். மண்ணும் வாடகைச் சைக்கிளும் இரண்டுமே புதிது. லிஃப்டில் போவதால் தடத்தைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டீர்கள். அதனால் முதல் இறக்கத்தை மெதுவாக, நின்று நின்று வாருங்கள். நிற்கும்போது தடத்தை விட்டு முழுக்க வெளியே ஒதுங்குங்கள், பின்னால் வருபவருக்குப் பிரேக் பிடிக்க நேரம் இருக்காது. மிதித்து ஏறுகிற களைப்பு இல்லாததால் கால் தெம்பாக இருக்கும், முன்கைதான் முதலில் ஓயும். விரல் லீவரைச் சரியாக இழுக்க மறுத்தால், லிஃப்ட் டிக்கெட்டில் இன்னும் காசு மிச்சம் இருந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.