வீடு கொடுத்தும் ஏன் திரும்புகிறார்கள்?

கேள்வி: நடைபாதையில் வசிப்பவர்களுக்குச் சென்னையின் தெற்கு விளிம்பிலுள்ள பெரும்பாக்கத்தில் அரசு வீடு கொடுத்தும், சிலர் வடசென்னையின் பாரிமுனை நடைபாதைக்கே திரும்பிவிடுகிறார்களே, ஏன்?

பதில்: பிழைப்பு இங்கேதானே இருக்கிறது! விடிவதற்குள் மூட்டை இறக்க வேண்டியவர் அவ்வளவு தூரத்திலிருந்து எந்த பஸ்ஸைப் பிடிப்பார்?

நடைபாதையில் அவர்கள் சுகமாக இருப்பதாக நினைக்காதீர்கள். கட்டணக் கழிப்பறைக்கு ஒவ்வொரு தடவையும் காசு. அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காத பெண்கள் உண்டு. வயசுப் பெண்ணைப் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டு அம்மா ராத்திரி முழுக்க கொட்டக் கொட்ட விழித்திருப்பாள். மழை தூறினால் ரேஷன் கார்டும் பிள்ளைகளின் புத்தகமும்தான் முதலில் பாலிதீன் பைக்குள் போகும்.

நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு வீடற்றோர் காப்பகம், ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே உத்தரவிட்டது. ஆனால், குடும்பத்தோடு தங்கக்கூடிய காப்பகங்கள் குறைவு. வேலைக்கு நடந்து போகிற தூரத்தில், வடசென்னையிலேயே இவர்களுக்கு வீடு கொடுக்க வேண்டும்.