தொட்டிச் செடிகளுக்குக் கரியமில வாயு

விளக்கும் உரமும் கொடுத்தும் மீன்தொட்டிச் செடிகள் வளராமல் நிற்கின்றனவா? கரியமில வாயு குறைவாக இருக்கலாம். சிலிண்டரிலிருந்து அதைக் கொடுக்கும் முறை இதோ.

1. சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் புகுந்துவிடும்.

2. குழாயில் செக் வால்வு மாட்டுங்கள்; வாயு நின்றதும் தொட்டி நீர் பின்னோக்கி ஏறாது.

3. வாயுவைச் சிறு குமிழிகளாக்கும் டிஃப்யூசரைத் தொட்டியின் அடிப்பக்கத்தில், ஃபில்டர் நீரோட்டம் படும்படி ஒட்டுங்கள். குமிழி மேலே போய் உடைவதற்குள் கரைய நேரம் கிடைக்கும்.

4. சிறு தொட்டிக்கு 2 நொடிக்கு ஒரு குமிழி என்று தொடங்கி, சில நாட்களில் மெல்லக் கூட்டுங்கள். நீரில் கரைந்த வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் கட்டாயம் வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நீலம் என்றால் வாயு போதாது. பச்சை என்றால் சரி, லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம். மஞ்சள் என்றால் மீன்களுக்கு ஆபத்து. நிறம் மாற ஓரிரண்டு மணி நேரமாகும் என்பதால் அவசரப்பட்டு வால்வைத் திருகாதீர்கள்.

5. விளக்கு போடுவதற்கு 1 மணி நேரம் முன்பே வாயுவைத் திறங்கள். அணைப்பதற்கு 1 மணி நேரம் முன்பே மூடுங்கள். இருட்டில் செடிகள் இதை எடுத்துக்கொள்வதில்லை.

6. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் உடனே வாயுவை நிறுத்தி, ஏர் பம்பை ஓடவிடுங்கள். செடிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.