எக்ஸெலில் விபத்து ஆபத்தைக் கணக்கிடுவோம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் எக்ஸெலில் வீட்டு வரவு செலவுக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். இந்த மாதம் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

செங்கல்பட்டு அருகே பரனூர் சுங்கச்சாவடியை நெருங்கும்போது ஒரு வரிசை நிற்கும், பக்கத்து வரிசை நகரும். உடனே சிலர் குறுக்கே திருப்புவார்கள். அமெரிக்காவில் பலர் சேர்ந்து செல்லும் கார்களுக்கென உள்ள தனிப் பாதையிலும் இந்த வேக வித்தியாசம்தான் ஆபத்து. மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ, கிராமச் சந்திப்புகளில் சாலையைக் கடப்பவர்களை நினைத்துப் பயப்பட வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் தூரத்திற்குள், 3 ஆண்டுகளில் மரணமோ படுகாயமோ ஏற்பட்ட விபத்துகள் 5 அல்லது மரணங்கள் 10 என்றால் அது 'பிளாக் ஸ்பாட்'. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2015-ல் வகுத்த அளவுகோல் இது. ஆனால் இதில் வாகனங்களின் எண்ணிக்கை சேரவில்லை. அதை நாம் சேர்ப்போம்.

புதிய ஒர்க்ஷீட்டின் முதல் வரிசையில் இடம், விபத்துகள், தினசரி வாகனங்கள், விகிதம் என்று தலைப்பிடுங்கள். கீழே உள்ளவை பயிற்சிக்கான கற்பனை எண்கள்.

2-வது வரிசை: பெருஞ்சாலை, 8, 40000
3-வது வரிசை: கிராமச் சந்திப்பு, 4, 10000

டி2 செல்லில் = டைப் செய்து, பி2 செல்லைக் கிளிக் செய்யுங்கள். தொடர்ந்து *1000000/( என டைப் செய்து, சி2 செல்லைக் கிளிக் செய்து, *1095) என முடித்து என்டர் தட்டுங்கள். 1095 என்பது 3 ஆண்டுகளின் நாட்கள். பிறகு டி2 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தைக் கீழே இழுங்கள். டி3 செல்லுக்கும் விடை வந்துவிடும்.

விடைகள் சுமார் 0.18, 0.37. அதாவது 10 லட்சம் வாகனங்கள் கடந்தால் நேரும் விபத்துகள். 4 விபத்துகளே நடந்ததால் பிளாக் ஸ்பாட் பட்டியலில் சேராத சந்திப்புதான், ஒரு வாகனத்திற்கு இரு மடங்கு ஆபத்தானது!

ஓர் எச்சரிக்கை. எண்கள் சிறியவை. பி3 செல்லில் 4-ஐ 5 ஆக்கிப் பாருங்கள், விகிதம் 0.46 ஆகிவிடும். எனவே ஓர் ஆண்டுக் கணக்கை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. சென்னை ஐஐடி வடிவமைத்த ஐராட் திட்டத்தில் போலீசார் மொபைல் ஆப் மூலம் விபத்து நடந்த இடத்தைப் பதிவு செய்வது இதற்காகத்தான். ஆண்டுக்கணக்கில் தகவல் சேர்ந்தால்தான் அடுத்த விபத்து எங்கே என்று ஓரளவாவது முன்கூட்டியே கணிக்க முடியும்.

பைலை சேவ் செய்துகொள்ளுங்கள். அடுத்த முறை குடும்பத்துடன் மாமல்லபுரம் போகும்போது, எச்சரிக்கைப் பலகை இல்லாத சந்திப்பிலும் வேகத்தைக் குறையுங்கள்.